அழு என்றால் அழுவதா?

நடிப்புக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற பெயரில் இன்று நம் ஊர்களில் நடக்கிற காரியங்களில் பாதிக்கு மேல், நடிப்பைக் கற்றுக்கொள்ள விடாமல் தடுக்கிற காரியங்கள் என்பது என் அபிப்பிராயம். கோபத்தில் சொல்லுகிற வார்த்தை அல்ல இது. கோபம் இருக்கிறது, ஆனாலும் நிதானமாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். நான் கதை எழுதுகிறவன். நடிகனும் அல்லன், நாடக வாத்தியாரும் அல்லன். "உமக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு உள்ள உரிமை எனக்கும் உண்டு. பத்தாவது வரிசையில் உட்கார்ந்து, மேடையில் நிற்கிற பிள்ளையின் வாய் அசைவதை மட்டும் பார்த்து, பேச்சு காதில் விழாமல் வீடு திரும்பியவன் என்ற முறையில் அந்த உரிமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

சென்ற ஆண்டு ஒரு நாடகப் பயிற்சி வகுப்பின் பாடக் குறிப்பு என் கைக்கு வந்து சேர்ந்தது. எந்த ஊர், யார் நடத்துவது என்பதெல்லாம் வேண்டாம். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். மொத்தம் 16 பக்கம். முதல் 9 பக்கமும் சொற்பட்டியல். 'பிளாக்கிங்', 'க்யூ', 'அப்ஸ்டேஜ்', 'டவுன்ஸ்டேஜ்', 'புரொஜெக்ஷன்', 'இம்ப்ரொவைசேஷன்', 'அப்ஜெக்டிவ்' என்று வரிசையாக நாற்பது ஐம்பது சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிதாக வார்த்தெடுத்த ஒரு தமிழ்ச் சொல். அதன் கீழே இரண்டு வரி விளக்கம். அடுத்த 5 பக்கம் நவரசம். ஒரே இளைஞனின் முகம் ஒன்பது கட்டங்களில் ஒன்பது விதமாகக் கோணிக்கொண்டிருக்கிறது. கடைசி 2 பக்கம் மாதிரி வினாக்கள். 'மேடை நகர்வு என்பதை வரையறுத்து எடுத்துக்காட்டுத் தருக. மதிப்பெண் 5' என்பது அவற்றில் ஒன்று. மூச்சு என்ற சொல் அந்த 16 பக்கத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. காது என்ற சொல்லும் இல்லை.

இதைப் படித்துத் தேறுகிற பிள்ளைக்கு நாடகத்தைப் பற்றிப் பேசத் தெரியும். நாடகத்தில் பேசத் தெரியாது.

சொற்களே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தச்சுப் பட்டறையில் சேருகிற பையனுக்கு உளி எது, இழைப்புளி எது, கொட்டாப்புளி எது என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் எந்த ஆசாரியும் பையனை உட்கார வைத்து 'இழைப்புளியை வரையறுக்க' என்று கேட்டதில்லை. "அந்த இழைப்புளியை எடு" என்பார். பையன் கொட்டாப்புளியைக் கொண்டு வந்து கொடுப்பான். ஒரு திட்டு விழும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் மறக்காது. மேடைச் சொல்லும் பட்டறைச் சொல்தான்.

ஓர் உதாரணம். மேடையின் வலது பக்கம் என்றால் யாருடைய வலது? சபையைப் பார்த்து நிற்கிற நடிகனுடைய வலது. கீழே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது இடது. இந்த ஒரு சங்கதிக்கு அந்தக் குறிப்பில் ஆறு வரி விளக்கமும் ஒரு படமும் இருக்கின்றன. பத்துப் பிள்ளைகளை மேடையில் ஏற்றிவிட்டு, வாத்தியார் கீழே நின்றுகொண்டு "எல்லோரும் வலது பக்கம் போங்கள்" என்று ஒரு தரம் சொல்லிப் பார்க்கட்டும். ஐந்து பேர் இப்படியும் ஐந்து பேர் அப்படியும் போய் நடுவில் முட்டிக்கொள்வார்கள், சிரிப்பார்கள். பத்து நிமிஷத்தில் பாடம் முடிந்தது. பரீட்சையும் முடிந்தது.

'அப்ஸ்டேஜ்' கதை இதைவிட வேடிக்கை. ஐரோப்பாவின் பழைய நாடகசாலைகளில் மேடைத் தளம் முன்னாலிருந்து பின்னால் போகப் போக உயர்ந்துகொண்டே போகும்படி சரிவாகப் போடப்பட்டிருந்தது. ஆகவே பின்னால் போவது என்றால் உண்மையிலேயே மேட்டில் ஏறுவது. சொல் அப்படி வந்தது. நம்முடைய சபா மேடைகளோ சப்பட்டை. இதற்கு 'மேல்மேடை' என்று ஒரு மகானுபாவர் தமிழ் செய்து வைத்திருக்கிறார். கிராமத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி "மாடியா ஐயா?" என்று கேட்டாளாம். அவள் கேட்டது நியாயம். 'பின்னால் போ', 'முன்னால் வா' என்றால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். விளங்க வேண்டிய முக்கியமான விஷயம் வேறொன்று. மேடையில் ஒருவன் பின்னால் போய் நின்றுகொண்டு பேசினால், முன்னால் நிற்கிறவன் அவனுக்குப் பதில் சொல்லச் சபைக்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். பின்னால் நிற்கிறவனுடைய முகம் மட்டும் சபைக்குத் தெரியும். ஒரு வார்த்தை கூடப் பேசாமல், இரண்டடி பின்னால் நகர்ந்தே சக நடிகனின் காட்சியைத் திருடிவிடலாம். அந்தச் சொல்லின் உயிர் அங்கே இருக்கிறது. குறிப்பில் அதைக் காணோம்.

'பிளாக்கிங்' என்ற சொல்லை ஒரு மாணவன் 'தடுப்பு' என்று எழுதிவிட்டான் என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களுக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? டபிள்யூ. எஸ். கில்பர்ட் என்ற ஆங்கில நாடகாசிரியர், 1911ல் காலமானவர், ஒத்திகைக்கு முன்பே ஒரு சிறிய மாதிரி மேடை செய்து, பாத்திரங்களுக்குப் பதிலாக மரக்கட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, யார் எங்கே நிற்பது, எப்போது எங்கே போவது என்று முடிவு செய்துகொள்வார். அந்தக் கட்டையிலிருந்துதான் சொல் வந்தது என்பார்கள். நாலு தீப்பெட்டியை மேஜைமேல் வைத்து இதை நம் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். அதற்கு ஐந்து மதிப்பெண் எதற்கு?

இந்த இடத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு கட்சி, ஆங்கிலச் சொல் இல்லாமல் நாடகமே இல்லை என்கிற கட்சி. மற்றது, எல்லாம் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது என்று மார்தட்டுகிற கட்சி. இரண்டு கட்சிக்கும் மேடைமேல் ஏறுகிற உத்தேசம் கிடையாது.

முதல் கட்சிக்கு ஒரு வார்த்தை. நம் நாடகக் கம்பெனிகள் ராஜபார்ட் என்றன, ஸ்திரீபார்ட் என்றன, கள்ளபார்ட், பபூன், படுதா, பின்பாட்டு, ஒத்திகை என்றன. இதில் தமிழும் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது, பாரசீகத்திலிருந்து நடந்து வந்த 'படுதா'வும் இருக்கிறது. ஒரு கமிட்டியும் உட்கார்ந்து இவற்றை உண்டாக்கவில்லை. வேலை செய்தவர்களுடைய வாயில் விளைந்த சொற்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான், அடவு இருக்கிறது, முகவீணை இருக்கிறது, தோளில் கட்டுகிற புஜக்கட்டை இருக்கிறது. கூத்தாடியின் மகனுக்கு இவை நாலு வயதிலேயே தெரியும். அவனை நம் வகுப்பில் சேர்த்து, 'காஸ்ட்யூம் என்றால் என்ன?' என்று பாடம் நடத்துகிறோம்.

இரண்டாவது கட்சிக்கு இன்னும் இரண்டு வார்த்தை. அரங்கேற்று காதையில் மேடையின் அளவு இருக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், 24 விரல் கொண்டது ஒரு கோல். மூன்று வகைத் திரை இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி. இரு பக்கத்திலிருந்தும் வந்து கூடுவது பொருமுக எழினி. மேலேயிருந்து மறைவாக இறங்குவது கரந்துவரல் எழினி. அருமையான சொற்கள். நம்மவர்கள் இவற்றை மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். ஆனால் அதே இடத்தில், தூணின் நிழல் அரங்கத்தில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்று இளங்கோவடிகள் சொல்லியிருப்பதை யாராவது வேலையாக எடுத்துக்கொண்டதுண்டா? நடிகன் முகத்தில் நிழல் விழக்கூடாது என்று கவலைப்படுகிற ஒரு மனிதர் அங்கே பேசுகிறார். சிலப்பதிகாரத்தைப் பற்றி முழங்குகிற விழாக்களிலேயே விளக்கு, நடிகனின் உச்சந்தலையில் விழுந்து கண்ணைக் குழியாக்கிக்கொண்டிருக்கும். எழினியின் பெயரை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, விளக்கு எங்கே இருக்கிறது என்று தேடி அதன் வெளிச்சத்தில் போய் நிற்கத் தெரியவில்லை. மேடைக்கு வருகிற பிள்ளை முதலில் கற்க வேண்டிய திறமைகளில் அதுவும் ஒன்று. முகத்தில் சூடு படுகிறதா என்று பார்; பட்டால் நீ வெளிச்சத்தில் இருக்கிறாய். இவ்வளவுதான்.

நிற்க. சொற்பட்டியலால் வருகிற கேடு சின்னக் கேடு. மாணவன் பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடுவான். நவரசப் பக்கங்களால் வருகிற கேடு அப்படி அல்ல. அது உடம்பில் ஏறிவிடுகிறது.

வகுப்பில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். "சோகம்!" என்கிறார் ஆசிரியர். இருபது பிள்ளைகளும் புருவத்தை நடுவில் உயர்த்தி, உதட்டைக் கீழே இழுத்து நிற்கிறார்கள். "கோபம்!" இருபது பேரும் மூக்கை விடைக்கிறார்கள். "அழு!" ஒரு பெண்ணுக்கு மட்டும் நிஜமாகவே கண்ணீர் வந்துவிடுகிறது. கைதட்டல். அன்றிலிருந்து அவள் அந்த வகுப்பின் பெரிய நடிகை. எதற்காக அழுதாள்? யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாது.

பரதருடைய பெயரைச் சொல்லித்தான் இதைச் செய்கிறார்கள். ரசம் என்பது பார்க்கிறவன் சுவைப்பது. நடிகன் முகத்தில் பூசிக்கொண்டு வருவது அல்ல. சமையற்காரன் பரிமாற வேண்டியது சாப்பாட்டை. நாக்கைச் சப்புக்கொட்டிக் காட்டுவதை அல்ல. பரதர் ரசம் பிறக்கிற வழியைச் சொல்லும்போது விபாவத்தை, அதாவது காரணத்தை, முதலில் வைக்கிறார். அபிநயம் நான்கு என்று எண்ணும்போது உடம்பை முதலில் வைக்கிறார், வாக்கை இரண்டாவதாக வைக்கிறார், வேஷத்தை மூன்றாவதாக வைக்கிறார். உள்ளத்திலிருந்து எழுகிற சாத்விகம் கடைசி. நம்முடைய வகுப்புகளில் கடைசி முதலாகிவிட்டது. முதல் இரண்டும் பாடத்திலேயே இல்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அவர் பேசியது செய்யுளைப் பற்றி; நடிகனுக்குப் பாடம் எழுத அவர் உட்காரவில்லை. ஆனாலும் அவர் செய்த ஒரு காரியத்தை நடிக்க வருகிற ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டோடு நிறுத்தவில்லை அவர். ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன் சொன்னார், ஆக 32. அழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு காரணம். பிறர் இகழ்ந்ததால் வருகிற அழுகை ஒன்று; பறிகொடுத்ததால் வருவது ஒன்று; முன்பு இருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வருவது ஒன்று; இல்லாமையால் வருவது ஒன்று. நான்கும் ஒரே அழுகையா? அவமானப்பட்டவன் தலையைக் குனிந்துகொள்கிறான். மகனைப் பறிகொடுத்தவள் தெருவென்றும் வீடென்றும் பாராமல் அலறுகிறாள். வாழ்ந்து கெட்டவன் அடுத்தவர் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். குழந்தைக்குப் பால் வாங்கக் காசில்லாதவளுக்கு அழ நேரமே இருப்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் ஒருவர் 'எதனால்?' என்று கேட்டுவிட்டார். கட்டம் போட்ட ஒன்பது முகங்களில் அந்தக் கேள்வி எங்கே இருக்கிறது?

இழவு வீட்டை யாரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தகப்பனைப் பறிகொடுத்த மூத்த மகன் என்ன செய்கிறான்? பந்தற்காரனோடு பேசுகிறான். நாற்காலி போதுமா என்று எண்ணுகிறான். வந்தவர்களுக்குக் காப்பி வந்ததா என்று கேட்கிறான். சாயங்காலம் எல்லாம் முடிந்து உள்ளே வந்து, மாடப்பிறையில் இருக்கிற மூக்குக் கண்ணாடியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுகிறான். அவன் அன்று முழுதும் அழாமல் இருக்கப் பாடுபட்டவன். மேடையில் அவனாக வருகிற பிள்ளையோ அழுவதற்குப் பாடுபடுகிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியது, "நாற்காலியை எண்ணு, தம்பி, சரியாக எண்ணு" என்பதுதான். மூக்குக் கண்ணாடி தன் வேலையைச் செய்யும்.

இதை ஒரு ரஷ்யரும் சொல்லியிருக்கிறார். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என்ற பெயரைச் சொல்லாமல் இன்று எந்த நடிப்பு வகுப்பும் திறப்பதில்லை. அவரைப் படித்தால் மூடவேண்டிய வகுப்புகளும் அவற்றில் உண்டு. 1936ல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ஒரு காட்சி. மரியா என்ற மாணவியிடம், திரையின் மடிப்பில் குத்தி வைத்திருக்கிற ஒரு சட்டை ஊசியைத் தேடி எடுக்கச் சொல்கிறார் ஆசிரியர். அது கிடைக்காவிட்டால் அவள் பள்ளியில் தொடர்ந்து படிக்க முடியாது என்பது கதை. அவள் மேடையில் ஓடுகிறாள், தலையைப் பிடித்துக்கொள்கிறாள், திரையில் முகம் புதைக்கிறாள், தவிக்கிறாள். பிரமாதமாக நடித்துவிட்ட பூரிப்போடு கீழே இறங்கி வருகிறாள். "ஊசி எங்கே?" என்கிறார் ஆசிரியர். ஊசியை அவள் மறந்தே போனாள். "போய்த் தேடு, கிடைக்காவிட்டால் நிஜமாகவே வகுப்பில் இடமில்லை" என்கிறார். இப்போது அவள் ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்க்கிறாள். பார்க்கிறவர்களால் அவளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்தப் புத்தகத்திலிருந்துதான் 'அப்ஜெக்டிவ்' என்ற சொல் உலகமெல்லாம் பரவியது. ரஷ்ய மூலத்தில் உள்ள சொல் 'ஸதாச்சா'. பள்ளிக்கூடத்தில் பையனுக்கு வாத்தியார் கொடுக்கிற கணக்குக்கும் அங்கே அதே சொல்தான். போட்டு முடிக்க வேண்டிய கணக்கு. செய்து முடிக்க வேண்டிய வேலை. எலிசபெத் ஹாப்குட் அம்மையார் ஆங்கிலத்தில் அதைப் பெரிய சொல்லாக்கினார். 2008ல் புதிதாக மொழிபெயர்த்த ஜீன் பெனடெட்டி அதை மறுபடியும் 'வேலை' என்ற பொருளுக்கே இறக்கி வைத்தார். நம் குறிப்பு ஆங்கிலத்தைப் பார்த்துக் 'குறிக்கோள்' என்று போட்டிருக்கிறது. குறிக்கோள் என்று கேட்டால் பையன் என்ன எழுதுவான்? 'என் பாத்திரத்தின் குறிக்கோள் சமுதாய முன்னேற்றம்' என்று எழுதுவான். எழுதியிருக்கிறான். சமுதாய முன்னேற்றத்தை ஒருவன் மேடையில் எப்படி நடித்துக் காட்டுவது? "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு வாசற்படியிலும் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியைக் கேளுங்கள். "கடன் கேட்க வந்தேன்." "அவள் போகாமல் நிறுத்த வந்தேன்." இதை நடிக்கலாம்.

இனிக் குரல். என் முக்கியமான சண்டை இங்கேதான்.

ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும். இல்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தமிழில் அப்படியா? 'நான் நேற்றுச் சாயங்காலம் உன் அண்ணனைப் பார்க்க அவர் கடைக்குப் போ...' என்று ஒருவன் சொல்லி மூச்சை விட்டுவிட்டால், போனானா, போகவில்லையா, போகப்போகிறானா, போயிருக்கக் கூடாதா என்பது யாருக்கும் தெரியாது. கதையே அந்தக் கடைசி இரண்டு மூன்று எழுத்தில் இருக்கிறது. நம் இளம் நடிகர்கள் முதல் சொல்லை மார் நிறைய மூச்சோடு வீசிவிட்டு, வினைச்சொல் வருகிறபோது காலியான துருத்தியாக நிற்கிறார்கள். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய பாடத்தில் இது இருக்காது. ஆங்கிலேயனுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. தமிழ் நடிகனுக்கு முதல் பாடம் இதுவாகத்தான் இருக்க முடியும்: மூச்சைக் கடைசிச் சொல் வரையில் சேமித்து வை.

பேச்சுத் தமிழில் இது இன்னும் கொடுமை. 'வந்தான்' என்பதும் 'வந்தாள்' என்பதும் ஏட்டில் வேறு வேறு. வாயில் என்ன ஆகிறது? 'வந்தாள்' 'வந்தா' ஆகிறது. 'வந்தான்' என்பதில் 'ன்' மறைந்து, 'தா' மட்டும் கொஞ்சம் மூக்கில் ஒலிக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மூக்கு வழியாகப் போகிற அந்தக் கொஞ்சம் காற்றுத்தான்! அது பத்தாவது வரிசைக்கு எட்டாவிட்டால், வந்தது புருஷனா அவனுடைய தங்கையா என்று சபை அடுத்த காட்சி வரை யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எந்தச் சொற்பட்டியலில் இதைச் சொல்லியிருக்கிறார்கள்? 'புரொஜெக்ஷன்: குரலைத் தொலைவுக்கு அனுப்புதல்' என்று போட்டு முடித்துவிட்டார்கள். எதை அனுப்புவது?

"மைக் இருக்கிறதே!" என்பார்கள். காலரில் குத்துகிற சிறிய மைக் வந்தபிறகு, "இயல்பாகப் பேசு, இயல்பாகப் பேசு" என்பது மந்திரமாகிவிட்டது. மைக், வந்த ஒலியைப் பெரிதாக்கும். விழுங்கின எழுத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? எஸ். ஜி. கிட்டப்பா 1933ல், 27 வயதில், காலமானார். மைக் நாடக மேடையை ஆளத் தொடங்குவதற்கு முன்பே கொட்டகையின் கடைசி மூலை வரை தம் குரலைக் கொண்டு சேர்த்தவர் அவர். அவரைப் போலப் பாடச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்கச் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஆற்ற முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. வட ஆர்க்காட்டுப் பக்கத்துக் கூத்துக் குடும்பத்துப் பையன் ஒருவன் இப்படிப்பட்ட ஒரு வகுப்பில் போய்ச் சேர்ந்தான். திறந்தவெளியில் இராத்திரி முழுதும் நின்று பேசிப் பாடுகிறவர்களின் குரல் அவனுக்குப் பிதுரார்ஜிதம். முதல் வாரமே அவனுக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பு: 'ஓவர் ஆக்டிங்'. குரலைக் குறைக்கச் சொன்னார்கள். கையைக் கட்டச் சொன்னார்கள். மாதக் கடைசியில் சொற்பட்டியல் பரீட்சையில் அவனுக்குப் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. மூன்றாம் மாதம் ஊருக்குப் போய்விட்டான். அவனுடைய கூத்தை வகுப்பு மேடைக்கு ஏற்றபடி அடக்கக் கற்றுக்கொடுத்திருக்கலாம். அது நியாயமான பாடம், அவனுக்குத் தேவையான பாடமுங்கூட. ஆனால் இருக்கிற குரலைக் குறைப்பது அரை நாள் வேலை. இல்லாத குரலை உண்டாக்குவது ஐந்து வருஷ வேலை. அந்த வகுப்பில் மிச்சமிருந்த பத்தொன்பது பேருக்கும் அவன் வாத்தியாராக இருந்திருக்க வேண்டியவன்.

அந்தக் காலத்துக் கம்பெனி நாடகம்தான் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. பாலர் கம்பெனிகளில் பிரம்படி இருந்தது. பெண்ணுக்கு மேடை மறுக்கப்பட்டு, பையன் புடவை கட்டினான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தவுடன், நேற்றுவரை கொண்டாடிய பையனை ஓரத்தில் தள்ளினார்கள். வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடியே சொல்லுகிற கிளிப்பிள்ளைகளும் அங்கே நிறைய உண்டு. இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் கேட்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சேர்ந்தபோது டி. கே. சண்முகத்துக்கு வயது ஆறு. எந்த வரையறையும் அவர் மனப்பாடம் செய்திருக்க முடியாது; அந்த வயதில் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாலே அதிகம். 1942ல், முப்பது வயது ஆண் மகனாக இருந்துகொண்டு, ஔவை மூதாட்டியாக மேடையில் நின்றார். அந்தக் கிழவியின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கற்றது எல்லாம் மேடையில், சபைக்கு முன்னால், அடுத்தவன் பேசுவதைக் காதில் வாங்கி வாங்கிக் கற்றது.

காதில் வாங்குவது என்றேன். 'க்யூ' என்பதற்கு நம் குறிப்பு, 'சக நடிகர் வசனத்தின் இறுதிச் சொல்' என்று விளக்கம் தருகிறது. சரியான விளக்கம்தான். விளைவைப் பாருங்கள்: பிள்ளைகள் இறுதிச் சொல்லுக்கு மட்டும் காத்திருக்கிறார்கள், பஸ் நம்பரைப் பார்த்துக்கொண்டு ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி. அதற்கு முன்னால் அவன் சொன்ன பத்து வாக்கியமும் அவர்களுக்கு இரைச்சல். எதிராளி பேசும்போது நடிகன் முகத்தைப் பார்த்தாலே அவன் கேட்கிறானா, தன் முறைக்குக் காத்திருக்கிறானா என்பது தெரிந்துவிடும். சபைக்கும் தெரியும்; அதற்குக் காரணம் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். 'ஏதோ ஒட்டவில்லை' என்று சொல்லிக்கொண்டு போகும்.

நாடகத்துக்கு இலக்கணம் எழுதியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பரிதிமாற் கலைஞர் 1897ல் நாடகவியல் செய்தார். விபுலானந்த அடிகள் 1926ல் மதங்க சூளாமணி எழுதினார். பெரிய அறிவாளிகள், நாடகம் எழுதுகிறவனும் படிக்கிறவனும் அவர்களிடம் போக வேண்டும். ஆனால் நடிக்க வருகிற பையனுக்காக, நடிப்பில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று தனியாக உட்கார்ந்து எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்து, தாமே வேஷம் கட்டி நின்ற மனிதர். நம் காலத்திலும் ஒரு சிறுகதைக்காரர் வழி காட்டினார். ந. முத்துசாமி 1977ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கி, பட்டணத்துப் பிள்ளைகளைப் புரிசைத் தம்பிரான்களுடைய கூத்தின் பக்கம் திருப்பிவிட்டார். அடவு கற்றுக்கொண்டு உடம்பு முறுகினபிறகு அந்தப் பிள்ளைகள் மேடையில் நின்ற நிலையே வேறு. அவருடைய நாடகங்கள் எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நடிகர்கள் நின்றார்கள். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் வீட்டுப் பிள்ளையை மேடையில் ஏற்றி, ஒன்றும் செய்யாமல் ஒரு நிமிஷம் நில் என்று சொல்லிப் பாருங்கள். கை இரண்டும் எங்கிருந்தோ புதிதாக முளைத்த மாதிரி தவிப்பான்.

ஆகவே, முதல் மூன்று மாதத்துக்குப் புத்தகத்தைப் பூட்டி வையுங்கள். நிற்கட்டும், நடக்கட்டும், ஒரு குடத்தை நிஜமாகத் தூக்கட்டும், பிறகு குடமில்லாமல் தூக்கட்டும். தினத்தாளில் ஒரு செய்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே மூச்சில், கடைசி எழுத்து தேயாமல் வாசிக்கட்டும். ஒருவன் ஒரு செய்தி சொல்ல, மற்றவன் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். வேலை நடக்கும்போது சொல் தேவைப்படும்; தேவைப்படும்போது ஆங்கிலமோ தமிழோ, வாய்க்கு வருகிற சொல்லைக் கொடுங்கள். நவரசப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

பரீட்சை இல்லாமல் சான்றிதழ் கொடுக்க முடியாது என்று சொல்வீர்கள். சரி, வையுங்கள். பரீட்சை அதிகாரி மண்டபத்தின் கடைசி வரிசையில், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் பேனாவோடு உட்காரட்டும். மைக்கை எடுத்துவிடுங்கள். மாணவன் மேடையில் நின்று, பேச்சுத் தமிழில், பத்து வாக்கியம் சொல்லட்டும். 'அவன் நேற்று வந்தான்', 'அவள் நேற்று வந்தாள்', 'நான் அவரிடம் சொல்லவில்லை' என்பது போல. கேட்டதை அதிகாரி எழுதிக்கொண்டே வரட்டும். அவர் எழுதின தாளை வாங்கித் திருத்தி, அதற்கு மதிப்பெண் போடுங்கள்.